சேர்ட்டுக்கு உள்ள போடுற புல்லட் புரூஃப் வெஸ்ட்: கோயில் வாசல் தொண்டர்களுக்கு எது சரி?

வாசல்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். வெள்ளவத்தைப் பக்கம் ஒரு கோயில்ல தொண்டர் குழுவில இருக்கிறன். திருவிழா நேரத்தில வாசல்ல நிண்டு பை பாக்கிறது, சனத்தை வரிசையில விடுறது, வாசலுக்கு முன்னால வாகனம் நிப்பாட்ட விடாமப் பாக்கிறது, இதுதான் எங்கட வேலை. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு தொடங்கின குழு, பதினாலு பேர் இருக்கிறம், ஒருத்தருக்கும் சம்பளம் இல்ல. இப்ப சிட்னியில இருக்கிற அடியார் ஒருத்தர் ஆடிவேலுக்கு முதல் ஆறு வெஸ்ட் வாங்கித் தாறன் எண்டு சொல்லியிருக்கிறார், எது வேணும் எண்டு நீங்களே பாத்துச் சொல்லுங்கோ எண்டும் கேட்டிருக்கிறார். நெட்டில தேடினா லெவல் 2, லெவல் 3ஏ, எச்ஜி எண்டு ஆளாளுக்கு ஒண்டு சொல்லுறாங்கள், தலை சுத்துது.

எங்களுக்கு வெளியில தெரியவே கூடாது. சனம் கும்பிட வருது, வாசல்ல ஆமிக்காரன் மாதிரி நாலு பேர் நிண்டா வயசு போன ஆக்களுக்குப் பழைய செக்பொயின்ட் ஞாபகம் வரும், அது வேண்டாம். மற்றது கொழும்பு வெக்கை. மூண்டு நாலு மணித்தியாலம் வெயிலுக்க நிக்க வேணும். ஆறு வெஸ்ட்டை பதினாலு பேர் மாறி மாறிப் போடலாமோ? சட்டம் என்ன சொல்லுது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பழைய_சார்ஜன்ட்:
தம்பி, லெவலைப் பிறகு பாப்போம். உங்க வாசலுக்கு என்ன வரக்கூடும் என்டு முதல்ல உக்காந்து யோசிங்க. கத்தியோட ஒரு குடிகாரன், பிஸ்டலோட ஒருத்தன், டி-56 ரைஃபிள் வச்சிருக்கிறவன், குண்டு கட்டினவன். இந்த நாலும் நாலு விஷயம், ஒரே வெஸ்ட் நாலுக்கும் பதில் இல்ல.

சேர்ட்டுக்கு உள்ள மறைச்சுப் போடக்கூடியது எல்லாம் துணி வெஸ்ட்தான். அது கைத்துப்பாக்கிக்கு மட்டும்தான் செஞ்சது. அமெரிக்காவில என்ஐஜே என்டு ஒரு நிறுவனம் தரம் போடுது, 2008ல வந்த 0101.06 தரத்தில லெவல் 2 என்டா 9 மிமீ குண்டும் .357 மேக்னமும் அடிச்சுப் பாக்கிறாங்க, 3ஏ என்டா .357 சிக்கும் .44 மேக்னமும். 2023 கடைசியில 0101.07 என்டு புதுசு வந்து பேரை மாத்திட்டாங்க, பழைய 2 இப்ப எச்ஜி1, பழைய 3ஏ இப்ப எச்ஜி2. ரைஃபிளுக்கு ஆர்எஃப்1, 2, 3 என்டு தனி வரிசை. அதுக்குப் பிளேட் போடணும், பிளேட் போட்டா மறைக்கிறது கஷ்டம், பாரமும் கூட.

நம்ம நாட்டில பாதாள உலகத்தான் கையில டி-56 சாதாரணமாப் புழங்குது. அதோட குண்டு செக்கனுக்கு 700 மீட்டருக்கு மேல வரும். 3ஏ சோதனையில அடிக்கிற குண்டு 450 மீட்டர் கூட இல்ல. துணி வெஸ்ட்டைப் போட்டுட்டு டி-56க்கு முன்னால போய் நிக்கலாம் என்டு யாராவது பொடியன் நினைச்சான் என்டா அந்த வெஸ்ட்டே அவனுக்கு எமன். இதை எல்லாருக்கும் முதல் நாளே சொல்லிருங்க.

கொட்டாஞ்சேனை_ஜூட்:
சார்ஜன்ட் ஐயா சொல்றது சரி, ஆனா அதுக்காக லெவல் 2 போதும்னு முடிவு பண்ணிராதீங்க. வாங்குறதுன்னா 3ஏ வாங்கணும், அதுக்குக் கீழ போகவே கூடாதுன்னு நான் சொல்லுவேன். எங்க பக்கம் செவ்வாய்க்கிழமைன்னா கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு எல்லா மதத்து ஆக்களும் வருவாங்க, ஜூன் 13 திருவிழான்னா ரோட்டுல கால் வைக்க இடம் இருக்காது. அந்தக் கோயிலுக்குள்ளதான் 2019 ஏப்ரல் 21 குண்டு வெடிச்சது. எனக்கு அங்க தெரிஞ்ச குடும்பங்கள் இருக்கு, அதை நினைச்சா நல்லதுல கஞ்சத்தனம் பண்ண மனசு வராது. காசு இன்னொருத்தர் தர்றாரு, குடுக்கிற நேரத்துல நல்லதையே கேளுங்க.

புதுக்கடை நீதிமன்றத்துல 2025 பெப்ரவரி 19 நடந்த துப்பாக்கிச் சூட்டையும் மறக்காதீங்க. சட்டத்தரணி உடுப்புல வந்தவன், ரிவோல்வர் கொண்டு வந்தது வெட்டி எடுத்த புத்தகத்துக்குள்ள. கைத்துப்பாக்கி இப்படித்தான் வரும், சின்னதா மறைச்சு. அதுக்கு 3ஏ தாராளமா காணும்.

மட்டு_மகள்:
நான் மட்டக்களப்பு, இப்ப வேலைக்காகக் கொழும்பில இருக்கன். அதே ஈஸ்டர் அண்டைக்குக் குண்டு வெடிச்ச சியோன் தேவாலயம் எங்கட ஊர் வீட்டில இருந்து தூரம் இல்ல. ரமேஷ் ராஜுவைப் பற்றி எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க. தெரியாத ஒருத்தன் பையோட வந்து நிக்கான், அவர் போய் யார் நீ, என்ன வேணும் எண்டு கேட்டு உள்ள விடாம நிண்டார். அவன் முற்றத்தில வெடிச்சான். அவர் போயிட்டார், பிள்ளைகளும் கனபேர் போனாங்க, ஆனா நிறைஞ்சிருந்த சபைக்குள்ள அவன் போகல்ல. அவரிட்ட வெஸ்ட்டும் இல்ல, ஒண்டும் இல்ல.

ஜூட் அண்ணா, உங்கட மனசு விளங்குது. ஆனா பக்கத்தில நிண்டு வெடிச்சா 3ஏயும் காப்பாற்றாது. சில்லு, இரும்பு உருண்டை கொஞ்சத்தை நெஞ்சிலயும் முதுகிலயும் அந்தத் துணி பிடிக்கும், அது உண்மை. வெடியின்ட காத்து அழுத்தத்துக்கு, தலைக்கு, கழுத்துக்கு, காலுக்கு அது என்ன செய்யும்? வெடிகுண்டை நினைச்சு வெஸ்ட் வாங்காதீங்க. வெடிகுண்டை நினைச்சா செய்ய வேண்டியது, பை பாக்கிற இடத்தை வாசல்ல இருந்து எவ்வளவு தூரத்துக்குத் தள்ளலாம், சனம் குவிஞ்சு நிக்காம எப்படி விடலாம் எண்டு பாக்கிறதுதான். வாசல்ல வச்சுப் பை பாத்தா வாசல்லயே கூட்டம் கட்டும், வாறவனுக்கு அந்தக் கூட்டமே காணும்.

கொட்டாஞ்சேனை_ஜூட்:
தங்கச்சி, நீங்க சொன்னது நியாயம். எங்க பங்குலயும் பை பாக்கிற மேசையை இப்ப ரோட்டுப் பக்கம் தள்ளித்தான் வச்சிருக்காங்க. ஆனா அந்த மேசையில நிக்கிறவனுக்கு ஏதாவது குடுக்கணும்ல, அதுக்குத்தான் நான் கதைக்கிறேன்.

தையல்மெஷின்:
நான் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துல கார்மென்ட்ல குவாலிட்டி செக்ஷன்ல இருக்கிறேன். வெஸ்ட் தைக்கல, ஆனா துணியும் லேபிளும் என் சோறு, அதனால இதைப்பத்தி நிறைய வாசிச்சிருக்கேன். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா வாசிங்க.

இந்த வெஸ்ட் ரெண்டு பகுதி. வெளியில பெல்ட்டோட உடம்புல மாட்டுற துணி கெரியர், அதுக்குள்ள முன்னுக்கு ஒண்ணு பின்னுக்கு ஒண்ணா ரெண்டு பனல். குண்டை நிப்பாட்டுறது பனல்தான். பனல் ரெண்டு வகை நூல்ல வரும். ஒண்ணு அராமிட், கெவ்லார்ன்னு சொல்றது, டூபொண்ட் கம்பனியில ஸ்டெஃபனி குவோலெக் 1965ல கண்டுபிடிச்சது. இன்னொண்ணு பொலிஎதிலீன், டைனீமா, ஸ்பெக்ட்ரான்னு பேர் வரும். ரெண்டையும் கலந்தும் செய்றாங்க. பொலிஎதிலீன் லேசு, தண்ணி குடிக்காது, ஆனா சூடு ஆகாது, 150 டிகிரிக்குக் கிட்ட உருகிரும், அதுக்கு ரொம்ப முந்தியே பலம் குறையத் தொடங்கிரும். கெவ்லார் சூட்டைத் தாங்கும், ஆனா வெயில் வெளிச்சமும் ஈரமும் ஆகாது, அதனாலதான் பனலைத் தண்ணி போகாத உறைக்குள்ள வச்சு ஓரத்தைச் சூட்டுல ஒட்டி மூடியிருப்பாங்க. அந்த உறை ஓரத்துல பிரிஞ்சிருக்கா, கீறல் இருக்கான்னு மாசா மாசம் விரலால தடவிப் பாக்கணும். ஊசி போட்டுத் தைக்கவே கூடாது.

சூடும் ஈரமும் சும்மா விஷயமில்ல. சைலோன்னு ஒரு நூல்ல ஒரு காலத்துல வெஸ்ட் செஞ்சாங்க, மெல்லிசு, எல்லாருக்கும் பிடிச்சது. 2003ல பென்சில்வேனியாவுல ஃபாரஸ்ட் ஹில்ஸ்ல ஒரு பொலிஸ்காரர் போட்டிருந்த சைலோன் வெஸ்ட்டைக் குண்டு துளைச்சிருச்சு, அது நிப்பாட்ட வேண்டிய குண்டுதான். ஆராய்ஞ்சு பாத்தா அந்த நூல் ஈரத்துலயும் சூட்டுலயும் பலம் இழக்குதுன்னு தெரிஞ்சது, 2005ல என்ஐஜே சைலோன் வெஸ்ட்டுகளை அங்கீகாரத்துல இருந்து எடுத்துட்டாங்க. அதுக்குப் பிறகு வந்த 0101.06ல வெஸ்ட்டை 65 டிகிரி சூட்டுலயும் 80 சதவீத ஈரப்பதத்துலயும் பத்து நாள் ட்ரம்ல போட்டு உருட்டின பிறகும் சுட்டுப் பாக்கணும்னு சேத்தாங்க. கொழும்புல இருக்கிற நமக்கு அந்தச் சோதனை எவ்வளவு முக்கியம்னு நான் சொல்லத் தேவையில்ல. அதனால 2008க்கு முந்தின தரத்து வெஸ்ட்டை யாராவது சும்மா தந்தாலும் வாங்காதீங்க. பழசு, பாவிச்சது எதுவும் வேணாம்.

வாங்கும்போது பனலை வெளியில எடுத்து பனல்லயே இருக்கிற லேபிளை வாசிங்க. கம்பனி பேர், மொடல் பேர், எந்தத் தரம், எந்த லெவல், சைஸ், லொட் நம்பர், சீரியல் நம்பர், செஞ்ச திகதி, எந்தப் பக்கம் உடம்புக்கு வரணும், எல்லாம் இருக்கணும். கெரியர்ல மட்டும் பெரிசா 3ஏன்னு தைச்சிருந்தா அதுல ஒரு பிரயோசனமும் இல்ல. லேபிள்ல இருக்கிற மொடல் பேரை என்ஐஜே வெளியிடுற அங்கீகாரப் பட்டியல்ல தேடிப் பாருங்க, அங்க இல்லன்னா அங்கீகாரம் இல்ல. "என்ஐஜே தரத்துக்கு ஏற்ப செய்யப்பட்டது"ன்னு எழுதியிருக்கிறதுக்கும் அங்கீகாரம் வாங்கினதுக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கு, ஒன்லைன்ல விக்கிறவன் இந்த இடத்துலதான் ஏமாத்துறான். விளையாட்டுத் துப்பாக்கிக்குப் போடுற ஸ்பொஞ் வெஸ்ட்டையே படத்தைப் போட்டு விக்கிறாங்க. நல்ல கம்பனி சாமான் ஒண்ணு பல நூறு டொலர், அதை விட்டுட்டு புறக்கோட்டை டீஷேர்ட் விலையில வந்தா தொடவே வேணாம்.

ஈஸ்ட்ஹாம்_தம்பி:
எல்லாரும் துவக்கையே கதைக்கிறியள், ஒருத்தரும் கத்தியைக் கதைக்கேல்ல. நான் லண்டனில டோர் செக்யூரிட்டி வேலை செய்தனான், இங்க வெஸ்ட் எண்டா எங்களுக்கு முதல் கேள்வியே கத்திக்கு எந்தத் தரம் எண்டதுதான்.

புல்லட் வெஸ்ட் கத்திக்குத் தாங்கும் எண்டு கனபேர் நினைக்கினம், அது பிழை. குண்டு மழுங்கின தலை, வந்து படேக்க நூல் எல்லாம் சேர்ந்து இழுத்துப் பிடிக்கும். கூர் முனை அப்பிடி இல்ல, சாக்கு ஊசி சாக்குக்குள்ள போற மாதிரி நூலை விலத்திக்கொண்டு போயிடும். கத்திக்கு எண்டு செய்யிற பனல் வேற, இன்னும் நெருக்கமா நெய்தது, பிசின் பூசினது, சிலதுக்க மெல்லிய உலோக வலை. இங்க பிரித்தானிய உள்துறை அமைச்சின்ர 2017 தரத்தில கேஆர்1, கேஆர்2 எண்டு இருக்கு, கேஆர்1 எண்டா 24 ஜூல் குத்து, கேஆர்2 எண்டா 33 ஜூல். ஐஸ் உடைக்கிற ஊசி, ஸ்க்ரூட்ரைவர் மாதிரியானதுக்கு எஸ்பி எண்டு தனியா எழுதியிருக்கும். அமெரிக்காவிலயும் குத்துக்கு 0115 எண்டு வேற தரம். ரெண்டும் சேர்ந்த பனலும் இருக்கு, ஆனா தடிப்பு, விறைப்பு, வெக்கை எல்லாம் கூட.

கோயில் வாசல்ல என்ன நடக்கும் எண்டு யோசியுங்கோ. குடிச்சிட்டு வாறவன், சங்கிலி அறுக்கிறவன், காணிச் சண்டையை, குடும்பச் சண்டையை வாசலுக்குக் கொண்டு வாறவன். அவன்ர கையில துவக்கு இருக்குமோ கத்தி இருக்குமோ?

பழைய_சார்ஜன்ட்:
கத்திதான். நான் வேலை செஞ்ச காலத்தில திருவிழாவில பிடிச்சது எல்லாம் கத்தியும் உடைச்ச போத்தலும்தான். ஈஸ்ட்ஹாம் தம்பி சொல்ற கேள்விதான் சரியான கேள்வி. பை பாக்கிற ஆள் குனிஞ்சு, கை ரெண்டும் பைக்குள்ள, முகத்தைப் பாக்காம நிப்பான், குத்து வாற தூரம் அது. நான் காசு செலவழிக்கிறது என்டா கேஆர்1ஓட சேர்ந்த எச்ஜி1 பக்கம்தான் போவேன். ஜூட் கோபிக்க வேணாம்.

கொட்டாஞ்சேனை_ஜூட்:
கோபம் ஒண்ணும் இல்ல ஐயா. ஆனா ஒண்ணு கேக்கிறேன், நாளைக்கு ஒரு பொடியனுக்கு எச்ஜி1 தாங்காத குண்டு பட்டா அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்றது?

பழைய_சார்ஜன்ட்:
அதே குடும்பத்துக்கு, வெக்கை தாங்காம வெஸ்ட்டைக் கழட்டி கதிரையில போட்டுட்டு நின்ட நேரம் கத்திக்குத்து விழுந்தா யார் பதில் சொல்றது மகன்? நான் கண்ணால கண்டது, பாரமான வெஸ்ட் குடுத்தா ரெண்டாவது மணித்தியாலம் அது ஜீப்புக்குள்ள கிடக்கும். உடம்புல இல்லாத 3ஏயை விட உடம்புல கிடக்கிற 2 மேல். 9 மிமீ, .38 ரிவோல்வர் ரெண்டுக்கும் அது தாங்கும், இங்க மறைச்சுக் கொண்டு வாற கைத்துப்பாக்கி பெரும்பாலும் அந்த ரகம்தான். .44 மேக்னத்தை நான் என்ட சேவைக்காலத்தில படத்தில மட்டும்தான் பாத்திருக்கன்.

வார்ட்_சிஸ்டர்:
அவசர சிகிச்சைப் பிரிவுல வேலை செய்யிற ஒரு தாதியா சில விஷயம் சொல்லணும்.

வெஸ்ட் குண்டை நிப்பாட்டினாலும் அந்த அடி உடம்புக்குள்ள போகும். சோதனையில வெஸ்ட்டுக்குப் பின்னால களிமண் வச்சுச் சுடுறாங்க, 44 மில்லிமீட்டர் வரைக்கும் குழி விழலாம்னு அனுமதி இருக்கு. நாலு சென்டிமீட்டருக்கு மேல நெஞ்சுல உள்ளுக்குப் போனா எப்பிடி இருக்கும்னு உங்க விரலை வச்சு அளந்து பாருங்க. விலா எலும்பு முறியலாம், நுரையீரல்ல இரத்தம் கட்டலாம், இதயத்துடிப்பு குழம்பலாம். அதனால ஒண்ணும் இல்ல, வெஸ்ட் பிடிச்சிருச்சுன்னு எழும்பி நடக்கிற ஆளையும் படுக்க வச்சு 1990க்கு அடிச்சு சுவசெரிய அம்பியூலன்ஸ்ல அனுப்புங்க. வர்றவங்ககிட்ட உள்ள வெஸ்ட் இருக்குன்னு முதல்லயே சொல்லுங்க, சேர்ட்டுக்கு உள்ள இருந்தா அவங்களுக்குத் தெரியாது, பெல்ட் எந்தப் பக்கம் கழட்டுறதுன்னு காட்டணும். குண்டு பட்ட வெஸ்ட்டைத் திரும்பப் போடவே கூடாது.

அடுத்தது, வெஸ்ட் மூடுறது நெஞ்சும் முதுகும் மட்டும். கக்கம், கழுத்து, அடித்தொடை எல்லாம் திறந்துதான் இருக்கு. தொடையில பெரிய நாடி வெட்டுப்பட்டா அம்பியூலன்ஸ் வர்ற வரைக்கும் நேரம் இருக்காது, சில நிமிஷத்துலயே ஆள் போயிருவாங்க. பக்கத்துல நிக்கிறவர் அந்த இடத்துலயே அமத்திப் பிடிக்கணும், துணியைத் திணிச்சு முழுப் பாரத்தையும் போட்டு அமத்தணும், கை கால்னா டூர்னிக்கே, அதாவது இரத்தம் நிக்க இறுக்கிக் கட்டுற பட்டி, கட்டணும். இதை ஆறு வெஸ்ட்டுக்கு முந்தி பதினாலு பேருக்கும் படிப்பிங்க. சென்ட் ஜோன்ஸ் அம்பியூலன்ஸ், செஞ்சிலுவைச் சங்கம் ரெண்டும் முதலுதவிப் பயிற்சி நடத்துறாங்க, கோயில் நிர்வாகம் கேட்டா ஒழுங்கு பண்ணலாம். என் மனசுல இருக்கிறதைச் சொல்றேன், எங்ககிட்ட வர்ற நேரம் இரத்தம் முழுக்கப் போயிருந்தா நாங்க என்ன செஞ்சாலும் போதாது.

பம்பலப்பிட்டி_பிருந்தா:
பெண் தொண்டர்களை யாரும் நினைக்கல. பெண்கள் வரிசையில பை பாக்கிறது நாங்கதானே. ஆம்பிளைக்குச் செஞ்ச தட்டைப் பனலை எங்களுக்குக் குடுத்தா மேல தூக்கிக்கொண்டு நிக்கும், பக்கத்துல கக்கத்துக்குக் கீழ இடைவெளி விழும், குத்து போறதே அந்த இடத்தாலதான். பெண்களுக்குன்னு நெஞ்சுப் பகுதி வளைச்சு செஞ்ச பனல் இருக்கு, நாலு அளவு எடுத்து ஓடர் பண்ணணும். சேலையோட மறைக்க முடியாது, பிளவுஸுக்கு மேலயும் கீழயும் எல்லாம் தெரியும். தொண்டர் நேரம் சல்வார், கொஞ்சம் லூஸா, பூ டிசைன் போட்டதுன்னா தெரியாது, வெறும் ஒரே கலர்ல போட்டா ஓரம் வரி வரியாத் தெரியும். ஆறுல ரெண்டாவது எங்களுக்கு வேணும்னு கேக்கிறேன்.

வாசல்காரன்:
பிருந்தா அக்கா, நாலு பெண் தொண்டர் இருக்கினம், கட்டாயம் ரெண்டு ஒதுக்குறம்.

இன்னொரு விஷயம் இப்பதான் கமிட்டியில கதைச்சம், இங்க ஒருத்தரும் சொல்லேல்ல. எங்கட கோயிலுக்குள்ள ஆம்பிளையள் சேர்ட் கழட்ட வேணும். உள் வீதியில, மண்டபத்தில நிக்கிற தொண்டர் வேட்டியும் சால்வையும்தான், அவையளுக்கு வெஸ்ட் எண்ட கதைக்கே இடமில்ல. அப்ப வெஸ்ட் வெளி வாசலுக்கும் பை பாக்கிற மேசைக்கும் ரோட்டில வாகனம் விடுறவைக்கும் மட்டும்தான். ஐயரிட்டக் கேட்டம், கோபுர வாசலுக்கு வெளியில நிக்கிறவை சேர்ட்டோட நிக்கலாம், உள்ள வரேக்க கழட்டுங்கோ எண்டார். ஒருத்தர் உள்ள ஓடிப்போக வேண்டி வந்தா என்ன செய்யிறது எண்டு கேட்டதுக்கு, உயிர் காக்கிற நேரத்தில சுவாமி சேர்ட்டைப் பாக்கமாட்டார் எண்டு சொன்னார். எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

எங்கட தொண்டர் உடுப்பு வெள்ளை சேர்ட். வெள்ளைக்குள்ள கறுப்பு வெஸ்ட் அப்பிடியே தெரியுமே?

தையல்மெஷின்:
தெரியும். கெரியர் வெள்ளையில இல்லன்னா தோல் நிறத்துல கேளுங்க, கெரியர் தனியாவும் வாங்கலாம், ஆளுக்கு ரெண்டு இருந்தா ஒண்ணைத் தோய்க்கிற நேரம் மத்ததைப் போடலாம். சேர்ட் வழமையா போடுறதை விட ஒரு சைஸ் பெரிசு, மெல்லிய பொப்ளின் வேணாம், கொஞ்சம் தடிச்ச துணி, வேட்டிக்குள்ள இறுக்கிச் செருகாம வெளியில விடணும். குனிஞ்சு ஒருக்கா, கை தூக்கி ஒருக்கா கண்ணாடியில பாத்தா எங்க துருத்துதுன்னு தெரியும்.

தோய்க்கிறது கெரியரை மட்டும். பனலை எடுத்துட்டு ஈரத்துணியால துடைச்சு நிழல்ல தட்டையா வைக்கணும். வொஷிங் மெஷின், கொடியில வெயில்ல தொங்க விடுறது, அயன் பண்றது எதுவும் கூடாது. மடிச்சு அலுமாரியில திணிச்சா மடிப்பு நிரந்தரமா விழுந்திரும். கார் டிக்கியில விட்டுட்டுப் போகவே போகாதீங்க, கொழும்பு வெயில்ல பூட்டின கார் உள்ளுக்கு என்ன சூடு வரும்னு எல்லாருக்கும் தெரியும். வழமையா கம்பனி உத்தரவாதம் அஞ்சு வருஷம், அந்தத் திகதி வந்தா மாத்தத்தான் வேணும், அடியாருக்கு இதை இப்பவே சொல்லி வைங்க.

கொட்டாஞ்சேனை_ஜூட்:
வெக்கைக்கு நாங்க செய்றதைச் சொல்றேன். உள்ளுக்குக் கொட்டன் பெனியன் போடாதீங்க, அது வேர்வையைக் குடிச்சு ஈரமாவே நிக்கும், பத்தாததுக்கு வேர்க்குரு வேற. விளையாட்டுக்குப் போடுற மெல்லிய காயிற டீஷேர்ட் நல்லம். வெயில்ல நிக்கிறவனை ஒரு மணித்தியாலத்துக்குள்ள நிழலுக்கு மாத்தணும், தண்ணி மட்டும் போதாது, ஜீவனி உப்புப் பவுடர் கரைச்சு வைங்க, இல்லன்னா தம்பிலி இளநீர். தலை சுத்துது, வேர்வை நின்னுட்டுன்னு ஒருத்தன் சொன்னா உடனே கழட்டி ஈரத்துணியால போர்த்துங்க, அந்த இடத்துல வீரம் காட்ட விடாதீங்க.

சார்ஜன்ட் ஐயா சொன்னதை யோசிச்சுப் பாத்தேன். வாசல் மேசைக்கு நீங்க சொல்ற சேர்மானம் சரின்னுதான் படுது. ஆனா ரோட்டுப் பக்கம் நிக்கிற ஆளுக்கு இன்னும் நான் எச்ஜி2தான் சொல்லுவேன்.

புதுக்கடை_லோயர்:
சட்டப் பக்கத்தை நான் பாக்கிறேன், யாரும் இதை அசட்டை பண்ணக் கூடாது.

முதலாவது, சிட்னியில இருந்து அந்த அடியார் வாங்கி சூட்கேஸ்ல போட்டுக் கொண்டு வரலாம்னு நினைச்சா உடனே நிப்பாட்டச் சொல்லுங்க. நியூ சவுத் வேல்ஸ்ல 1998 ஆம் ஆண்டு தடைசெய்யப்பட்ட ஆயுதச் சட்டத்துல பொடி ஆர்மரும் பட்டியல்ல இருக்கு, பெர்மிட் இல்லாம வச்சிருக்கிறதே குற்றம். நல்லது செய்யப் போய் அந்த மனுஷர் அங்க வழக்குல நிக்க வேணாம். அமெரிக்காவுல இருந்து அனுப்புறதுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு இருக்கு.

இரண்டாவது, இங்க. காசைக் கோயில் கணக்குக்கு எடுங்க. பிறகு கோயில் நிர்வாகத்தோட கடிதத் தலைப்புல, என்ன பொருள், எத்தனை, எந்தத் தரம், யார் யார் போடுறது, எதுக்குன்னு எழுதி பாதுகாப்பு அமைச்சுக்கும் சுங்கத்துக்கும் அனுப்புங்க, பிரதி உங்க பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு. எழுத்துல பதில் வந்த பிறகுதான் ஓடர். தமிழ் ஆக்கள் ஒரு குழுவா வெஸ்ட் வச்சிருக்காங்கன்னு யாராவது ஒரு வரி போட்டுக் குடுத்தா என்ன நடக்கும்னு இந்த நாட்டுல வளர்ந்த நமக்குச் சொல்லித்தரத் தேவையில்ல. அந்தக் கடிதமும் பதிலும் ஃபைல்ல இருக்கணும், போட்டோ கொப்பி ஒவ்வொரு தொண்டர்கிட்டயும் இருக்கணும்.

மூன்றாவது, ஆமிக் கலர், கெமோ துணி, பொலிஸ், செக்யூரிட்டின்னு எழுத்து எதுவும் வேண்டாம். சம்பளம் வாங்கி காவல் சேவை குடுக்கிறதுன்னா 1998 ஆம் ஆண்டு 45 ஆம் இலக்கத் தனியார் பாதுகாப்பு முகவர் சட்டத்துக்குக் கீழ பதிவு வேணும், நீங்க தொண்டராவே இருங்க. பை காட்ட மாட்டேன்னு ஒருத்தர் சொன்னா பறிக்கக் கூடாது, உள்ள விடாம மரியாதையா ஒதுக்கி நிப்பாட்டி பொலிஸைக் கூப்பிடுங்க, 119. உங்க கண்ணுக்கு முன்னால பாரதூரமான குற்றம் செஞ்சவனைப் பிடிச்சாலும் தாமதிக்காம பொலிஸ்ல குடுக்கணும், வச்சு விசாரிக்கிற வேலை உங்களுக்கு இல்ல.

வாசல்காரன்:
லோயர் ஐயா, பெரிய உபகாரம். சிட்னிக்கு இரவே கோல் எடுத்துச் சொல்லிட்டன், அவர் உண்மையாவே சூட்கேஸில கொண்டு வாற யோசனையிலதான் இருந்தவர். காசைக் கோயில் கணக்குக்குப் போடுறன் எண்டிட்டார். கடிதம் தலைவர் எழுதுறார்.

இண்டைக்குக் கமிட்டியில முடிவெடுத்ததைச் சொல்லுறன். ஆறும் கத்திக்கும் கைத்துப்பாக்கிக்கும் சேர்ந்த பனல். மேசையில நிக்கிற ரெண்டு ஆம்பிளை, ரெண்டு பெண்ணுக்கு கேஆர்1ஓட எச்ஜி1. ரோட்டுப் பக்கம் நிக்கிற ரெண்டு பேருக்கு ஜூட் அண்ணா சொன்ன எச்ஜி2, அவை வாகனத்தோட நிழல்ல நிக்கலாம், வெக்கை கொஞ்சம் குறைவு. மாறி மாறிப் போடுறதை விட்டிட்டம், ஆறு பேருக்கு ஆறு, அளவெடுத்து, பேர் எழுதி. மற்ற எட்டுப் பேரும் உள்ளுக்கும் செருப்பு வைக்கிற இடத்திலயும். வெஸ்ட் போட்டவர் முன்னுக்குப் பாய்ஞ்சு பிடிக்கப் போறது இல்ல எண்டதையும் எழுதி ஆறு பேரிட்டயும் கையெழுத்து வாங்கிறம், சனத்தை விலத்தி விடுறது, வோக்கியில சொல்லுறது, 119 அடிக்கிறது, அவ்வளவும்தான் அவையின்ர வேலை. சிஸ்டர் சொன்ன பயிற்சியும் இரத்தம் நிப்பாட்டுற சாமானும் வெஸ்ட்டுக்கு முதல் வாங்கிறம், அதுக்கு உண்டியல் காசிலேயே எடுக்கலாம் எண்டு தலைவர் சொல்லிட்டார்.

மேசையை மட்டு தங்கச்சி சொன்ன மாதிரி காலி வீதிப் பக்கம் தள்ளப் பொலிஸிட்டக் கேக்கிறம்.

அளவு எடுக்கிறது எப்பிடி எண்டு மட்டும் சொல்லுங்கோ, கடிதத்தோட சைஸும் போடச் சொல்லினம்.

மட்டு_மகள்:
நல்ல முடிவு தம்பி. ரோட்டில நிக்கிற ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கிற மாதிரி நிப்பாட்டுங்க, ரெண்டு பேரும் ஒரே பக்கம் பாத்தா முதுகுக்குப் பின்னால வாறவனை ஆரும் காணமாட்டாங்க.

தையல்மெஷின்:
அளவுக்கு டேப்பும் ஒரு கதிரையும் காணும். அண்டைக்குப் போடப் போற டீஷேர்ட்டோட எடுங்க, வெறும் உடம்புல வேணாம்.

நெஞ்சு சுத்தளவு, கக்கத்துக்குக் கீழ, அகலமான இடத்துல. வயிறு சுத்தளவு தொப்புள்ல, மூச்சை இழுத்துப் பிடிக்காம. பெண்களுக்கு நெஞ்சுக்கு நேரா ஒண்ணு, அதுக்குக் கீழ ஒண்ணு, ரெண்டும் தனித்தனியா. முன் பக்க நீளம்தான் எல்லாரும் பிழை விடுற இடம். தொண்டைக் குழியில ஒரு விரல் வச்சு அதுக்குக் கீழ இருந்து தொடங்கி, கதிரையில உக்காந்த நிலையில, தொப்புளுக்கு ரெண்டு விரல் மேல வரைக்கும் எடுங்க. நின்டு எடுத்தா நீளம் கூடிரும், பிறகு உக்காரும்போது பனல் தொண்டையில வந்து முட்டும், ஆள் கழட்டி வச்சிருவாரு. பின் பக்கம் கழுத்தெலும்புல இருந்து பெல்ட்டுக்குக் கொஞ்சம் மேல வரை. பக்கத்துல முன் பனல் பின் பனலுக்கு மேல ரெண்டு அங்குலமாவது ஏறி நிக்கணும், இடைவெளி விடக் கூடாது.

ஆறு பேரோட அளவையும் எழுதி ஆளோட பாரம், உயரத்தையும் சேர்த்து எனக்குத் தனி மெசேஜ்ல அனுப்புங்க, கம்பனி சைஸ் சார்ட்டோட ஒத்துப் பாத்து சனிக்கிழமைக்குள்ள திருப்பி அனுப்புறேன்.